வியாழக்கிழமைக்காரர்

சபையில் பெரியவர்கள் அவரைக் கண்ணாடிக்கடைக்காரர் என்பார்கள். வாலிபர்கள், அவர் காதில் விழாது என்ற நினைப்பில், 'முழுநீளம்' என்பார்கள். ஜெபம் செய்ய எழுந்தால் அப்படி. உலக சமாதானத்தில் தொடங்கி, ஆட்சியில் இருப்பவர்கள், மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள், வரன் அமையாதவர்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சபைக் கூரையின் ஒழுகலுக்கு வந்து சேர்வதற்குள் முன்வரிசைக் கைக்குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடும். பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கொட்டாவி விட்டவர்களே வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஜெபங்க அது, உருகிப்போச்சு" என்பார்களே, அது போதாதா?

அந்தச் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓட மாட்டார்கள். பின்னறையில் டீ. குடித்த கோப்பைகளை எல்லோரும் சேர்ந்து கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அந்தத் தொட்டியோரத்தில்தான் வெளியே வரும். டிரைவருடைய மனைவியின் கஷ்டமும் அங்கேதான் வந்தது.

டிரைவர் பஸ் ஓட்டியவர். ஒருநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் புத்தி முழுசாக இருந்தது. காதில் விழுவதெல்லாம் புரிந்தது.

"லீவு எல்லாம் தீந்துபோச்சு. வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள் டிரைவரின் மனைவி, கோப்பையைத் துடைத்துக்கொண்டே. ஒரு பேக்கரியில் ரொட்டி பேக் செய்யும் வேலை அவளுக்கு. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"எதுக்கு விடணும்? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார் பிளம்பர். "ஆளுக்கு ஒரு நாள் வந்து உக்காந்தா முடிஞ்சுது. திங்கள் நான்."

போதகர் புதன்கிழமையை எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தினமும் அவருக்காக ஜெபத்துல தரிச்சிருக்கேன்" என்றார்.

"தாராளமா ஜெபத்துல இருங்கண்ணே" என்றார் பிளம்பர். "வியாழக்கிழமை மதியம் உங்க கடைக்கு லீவுதானே? அன்னைக்கு மட்டும் அவர் வீட்லயும் இருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். அப்படித்தான் அவர் வியாழக்கிழமைக்காரர் ஆனார்.

முதல் வியாழன் டிரைவரின் மனைவி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மூன்றாவது மாடியில் இரண்டு சின்ன அறை, ஒரு பால்கனி. "இது பெட்பேன். மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட் போட்டிருக்கேன். துவைச்ச துணி இந்த அலமாரியில. பகல்ல டயப்பர் போட்டா புண்ணாகுது, அதனால போடறதில்ல. 'சரி'ன்னு இழுத்துச் சொன்னா தண்ணி வேணும். வேகமா ரெண்டு தடவ சொன்னா பெட்பேன் வேணும். அவ்வளவுதாண்ணே, கஷ்டம் குடுக்க மாட்டாரு."

அவர் தலையாட்டினார். பெட்பேன் என்ற இடத்தில் அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது. நாள் முழுவதும் மெல்லிய துணியால் கண்ணாடி துடைக்கிற மனிதர். ஒரு ஆளுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்தாலே உடனே கை கழுவுகிறவர்.

முதல் சில வாரங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. வேலைக்குக் கிளம்புமுன் அவளே எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போவாள். அவர் பால் கொடுப்பார், வேதம் வாசிப்பார், ஜெபிப்பார். டிரைவர் தூங்கிவிடுவார். வீட்டுக்குப் போய், "அந்த வீட்டுல உக்காந்தாலே ஒரு சமாதானம்" என்று தம் மனைவியிடம் சொல்வார். அவளும் "அப்படியா" என்பாள்.

ஒரு வியாழன் டிரைவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது. கடைக்காரர் வாசித்து முடித்து, டிரைவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்.

"சரி, சரி" என்றார் டிரைவர்.

கடைக்காரர் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். இவ்வளவு நாளில் இந்த மனிதர் ஜெபத்தோடு சேர்ந்து பேசியதில்லை. இன்று பரிசுத்த ஆவி அசைகிறது என்று பட்டது.

"சரி, சரி! சரி, சரி!"

டிரைவரின் விரல்கள் அவர் கையை நெரித்தன. நகம் பதிந்தது. அவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவர்களுக்காக ஜெபித்தார், நர்சுகளுக்காக ஜெபித்தார், உலகத்தில் படுக்கையில் கிடக்கும் எல்லோருக்காகவும் ஜெபித்தார். அந்த நேரத்தில் டிரைவரின் மனைவி சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததா, வரவில்லையா? பிறகு எத்தனையோ முறை தம்மையே கேட்டுக்கொண்டார். வரவே இல்லை என்று சத்தியம் செய்ய அவரால் முடியவில்லை.

பிடித்திருந்த கை திடீரென்று தளர்ந்தது. அப்புறம் நாற்றம் வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெபத்தைப் பாதியில் வெட்டி ஆமென் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுப்பக்கம் கண்ணீர் இறங்கியிருந்தது.

"ஐயோ, பரவாயில்ல தம்பி, பரவாயில்ல" என்றார் கடைக்காரர். சொல்லும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போயிருந்தது. அதை டிரைவர் பார்த்தார். கடைக்காரர் ஜன்னலைத் திறந்தார். அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். கட்டிலருகே வந்து போர்வையின் நுனியைத் தூக்கினார். போர்வையை விட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடினார்.

கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு உள்ளே போகலாம் என்றுதான் நினைத்தார். கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிளம்பரைக் கூப்பிடலாமா? கூப்பிட்டு என்னவென்று சொல்வது? இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வந்துவிடுவாள், கட்டின மனைவி செய்வதுதான் அவருக்கும் கூச்சமில்லாமல் இருக்கும் என்று ஒரு நியாயம் மனசுக்குள் முளைத்தது. முளைத்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒருமுறை "சரி" என்று கேட்டது. மறுபடி கேட்கவில்லை. பால்கனி முழுக்க இருந்த வெயில் மெல்ல நகர்ந்து சுவரோரம் ஒதுங்கும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே ஓடிக் கட்டிலருகே நின்றுகொண்டார்.

"இப்பத்தாம்மா" என்றார் அவள் வாயைத் திறக்கும் முன்பே. "இந்த நிமிஷம்தான். துணி எடுத்துட்டு வந்தேன், நீங்களும் வந்துட்டீங்க."

அவர் கையிலிருந்த துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"பரவாயில்லண்ணே. நீங்க வெளிய இருங்க, நான் பாத்துக்கறேன்."

கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திடீரென்று டிரைவரின் குரல் எழுந்தது. "சரி! சரி! சரி!" சுவரைக் குத்துகிற மாதிரி. இருந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நடந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். "தெரியுதுப்பா, தெரியுது. திரும்புங்க" என்று அவள் சமாதானப்படுத்தினாள்.

வெளியே வந்தபோது, பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை அவரிடம் நீட்டினாள். "உங்களுக்குன்னுதான் வாங்கிட்டு வந்தேன். ரொம்ப நன்றிண்ணே."

அந்த ரொட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கியதை நினைத்தால், பிறகு பல மாதங்களுக்கு அவர் காது சுட்டது.

வீட்டில் மனைவி, "இன்னைக்கு எப்படி இருந்தாரு?" என்றாள். "ம்" என்றார். ரொட்டியை அவள் வெட்டி வைத்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் டிரைவரின் மனைவி எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் ஒவ்வொருவரையும் குறிப்பிட்டு நன்றி சொன்னாள். "வியாழக்கிழமை அண்ணன் வர்றாரு. சொந்த அண்ணன்கூட அப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்றாள். ஏழெட்டுத் தலைகள் திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தன. அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர், "அண்ணனே எழும்பி ஒரு ஸ்தோத்திர ஜெபம் பண்ணுவாங்க" என்றார்.

எழுந்தார். "ஆண்டவரே" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் திறந்தபடி நின்றார். கூரை, மழை, பரீட்சைப் பிள்ளைகள், ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஆராதனை முடிந்ததும் சபையின் பழைய பொருளாளர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தாங்க நீங்க ஜெபிச்சு நான் அழுதேன்" என்றார். கடைக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. டீ குடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டூல், பால்கனி, மடிப்புக் கலையாத துணி, ரொட்டி. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரு?"

"ரொம்ப நேரம்."

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "அத்த படுக்கையில இருந்தப்ப உங்கள நான் ஒரு தடவகூட உள்ள கூப்பிடல. அது என் தப்பும்தான்" என்றாள்.

அத்தை என்றால் அவருடைய அம்மா. சாகும்வரை ஒரு வருஷத்துக்கு மேல் படுத்த படுக்கையாக இருந்தவள்.

"நான்தான் தினமும் வந்து..."

"கதவுக்கிட்ட நின்னு ஜெபம் பண்ணுவீங்க. ஒரு நாள் அத்த, 'அவன உள்ள வரச் சொல்லு, முகத்தப் பாக்கணும்'னு சொன்னாங்க. கூப்பிட வந்தேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு நின்னீங்க. ஜெபத்தக் கலைக்கக் கூடாதேன்னு திரும்பிப் போயிட்டேன். 'அப்புறம் வருவாரு அத்த'ன்னு சொல்லிட்டேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கடைசித் துணியையும் மடித்து முடித்தாள்.

"எந்திரிங்க. கட்டில்ல போய்ப் படுங்க."

"தூக்கம் வரல."

"தூங்க யாரு சொன்னா? நீங்கதான் நோயாளி. வலது கைய ஆட்டக் கூடாது. பேசவும் கூடாது."

"அவரு ஒரு வார்த்த பேசுவாரு."

"அப்ப அத மட்டும் பேசுங்க."

படுத்தார். அவள் அவர் முட்டியை மடக்கினாள், கையை மார்பின்மேல் வைத்தாள். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒரே தள்ளில் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவ்வளவு பெரிய உடம்பு மூட்டை மாதிரி உருண்டது. "மெதுவாடி!" என்று கத்தினார்.

"அதச் சொல்ல அவருக்கு வாய் இல்லையே. அதனாலதான் முதல்ல சொல்லிட்டுத் தொடணும். 'இப்பத் திருப்பறேன், இப்பத் துடைக்கறேன்'னு. சாமான் இல்ல, மனுஷன்."

சுவரைப் பார்த்தபடி கிடந்தார். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எப்போது எந்த இடத்தைத் தொடுவார்கள் என்றும் தெரியவில்லை. மனைவியின் கைதான். இருந்தும் கூச்சமாக இருந்தது.

"மூக்குக்கு என்ன பண்றது?" என்றார் சுவரிடம்.

"ஒண்ணும் பண்ண முடியாது. வாயால மூச்சு விடுங்க. வாந்தி வந்தா போய் எடுத்துட்டு வந்து மறுபடி செய்யுங்க. நான் முதல்ல கொஞ்ச நாள் அப்படித்தான் செஞ்சேன்."

அது அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

அடுத்த வியாழன் டிரைவரின் மனைவி கிளம்பிப் போன பிறகு, அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேதத்தைத் திறக்கவில்லை.

"தம்பி. அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க, நான் காதுல வாங்கல. உங்கள அப்படியே போட்டுட்டு வெளிய போய் உக்காந்தேன். உங்க முன்னாலயே பொய்யும் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பால் கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. மதியம் தாண்டியதும் டிரைவரின் நெற்றி வேர்த்தது, நல்ல கால் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தது. கடைக்காரருக்குப் புரிந்தது. கேட்க மனசில்லாமல் அடக்கிக்கொண்டு கிடக்கிறார். மனைவி வரும்வரை தாங்கிவிடலாம் என்று பார்க்கிறார்.

"பெட்பேன் எடுக்கட்டுமா தம்பி?"

இல்லை என்று தலை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மறுபடி அசைந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மிகவும் கஷ்டப்பட்டு, "சரி, சரி" என்றார்.

கற்றுக்கொண்டது எல்லாம் பாதி மறந்துபோயிருந்தது. "இப்பத் திருப்பறேன் தம்பி" என்று சொல்லித் தப்பான பக்கம் திருப்பினார். தண்ணீர் அதிகமாகிப் போர்வை நனைந்தது. ஒருமுறை குமட்டி, ஓடிப்போய் வாயைக் கழுவிக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடியே திரும்பி வந்தார். குனிந்து துடைக்கும்போது வேர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கி நேராக அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், கண் தெரியாமல் வாளிக்குள் முழங்கைவரை விட்டுத் தேடினார். டிரைவரின் அசைகிற பாதி வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா, கண்ணாடி இல்லாமல் அவரால் பார்க்க முடியவில்லை.

அவள் வந்ததும், வாசலில் படிக்கட்டருகே கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். "போன வாரம் நான் சொன்னது பொய்ம்மா."

அவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள். "தெரியும்ணே. முதுகெல்லாம் செவந்து ஊறிப்போயிருந்துச்சு. இப்பத்தான்னா அப்படி ஆகாது."

"அப்புறம் ஏம்மா சபையில அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? நான் குறை சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டு, உங்களப் பாத்து மத்தவங்களும் நின்னுட்டா? நன்றி சொன்னாத்தானே வருவீங்க?"

தம்முடைய பொய்யோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போதோ, ஆண்டவர் சந்நிதியில் ஒரு பெண்ணை எழுந்து நின்று ஒரு பொய்யைச் சாட்சியாகச் சொல்லவும் வைத்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்மா" என்றார்.

"வேண்டாம்ணே!" அவள் குரல் உயர்ந்தது. "உங்க தப்ப நீங்க சொல்லிடுவீங்க. அவரு கட்டில்ல கிடந்த கோலத்தையும் சேத்துல்ல சொல்லணும்? அவருக்கு மானம் இல்லையா?"

அந்த வழியும் அடைபட்டது. எல்லோர் முன்னாலும் சொல்லி அழுது லேசாகிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஞாயிறுதோறும் யாராவது அவர் முதுகைத் தட்டி, "உங்கள மாதிரி வருமா" என்றார்கள். ஒவ்வொரு தட்டையும் அவர் வாங்கிக்கொண்டு நின்றார். தொட்டியோரத்தில் நின்று மற்றவர்களுடைய கோப்பைகளையும் சேர்த்துக் கழுவினார். அது அடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை தவறாமல் போனார். கை பழகியது. குமட்டல் குறைந்ததே தவிர, ஒரேயடியாகப் போகவில்லை. டிரைவர் அவரிடம் கேட்கப் பழகிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டார். மனைவியிடமோ பிளம்பரிடமோ அவர் அப்படித் திருப்பிக்கொள்வதில்லை என்பதைக் கடைக்காரர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். டிரைவரின் மனைவியும் ஒவ்வொரு வாரமும் வாசல்வரை வந்து, "நன்றிண்ணே" என்று மறக்காமல் சொன்னாள். அந்த நன்றியின் உறுத்தல், மூன்று மாடி இறங்கி முடித்தும் தீரவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு வியாழன் அவர் நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்ததும், வேலைக்குக் கிளம்பி நின்ற டிரைவரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"என்னண்ணே நீங்க, போன வாரம் தோளுக்குக் கீழ சோப்ப சரியா அலசாம விட்டுட்டீங்க. அரிச்சு அரிச்சு மனுஷன் ரெண்டு நாளா தூங்கல. கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அலசினேனே... ஒருவேள அந்தப் பக்கம்..." என்று இழுத்தார். "இல்லம்மா. அவசரமா செஞ்சுட்டேன். இன்னைக்கு நல்லா அலசிடறேன்."

"சொம்பால ஊத்தி அலசுங்க. ஈரத்துணியால துடைச்சா போகாது" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள். நன்றி சொல்லவில்லை. மறந்துபோனவள் மாதிரியும் தெரியவில்லை.

அவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். திட்டு வாங்கிய வெட்கம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால், திட்டினால் இந்த ஆள் வராமல் நின்றுவிடுவானோ என்று அவள் பயப்படவில்லை. கீழ்ப்படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் சுடவைக்கச் சமையலறைக்குப் போனார்.